உன் மீட்டருக்கு நைனா பூசுற சந்தனம்

கண்ணு,

சாப்ட்டியா, உடம்பு நல்லா இருக்குதா, ரூம்ல தண்ணி வருதான்னு எல்லாம் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேட்டுட்டேன்னு வெச்சுக்கோ. எனக்கு இப்போ அதுக்குப் பொறுமை இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை மாம்பழ ஃபேக்டரியில சீசன் பூசை. அன்னைக்கே பாய்லருக்கு நெருப்பு மூட்டறாங்க. அதுக்கு முன்ன நீ உன் நைனாகிட்ட ஒரு உண்மையைச் சொல்லியாகணும். சொல்லலைன்னா இந்த சீசன் முடியறதுக்குள்ள அந்த மனுஷன் பாய்லர் ரூம்லயே போயிடுவாரோன்னு எனக்கு பயமா இருக்குது. எழுதிட்டேன் பார். வாயில வரக்கூடாத வார்த்தை. ஆனா நான் சொல்லாம வேற யாருடா சொல்றது?

போன்ல சொல்லலாமேன்னு கேட்பே. நீ போன் பண்ணா உன் நைனாதான் எடுக்கறார், ஸ்பீக்கரைப் போட்டு தெருவுக்கே கேட்கற மாதிரி பேசறார். கடைசியில "இந்தா, உங்கம்மா"ன்னு என் கையில கொடுக்கும்போது நீ "சரிம்மா, மீட்டிங் இருக்குதும்மா"ன்னு வெச்சுடறே. அதனாலதான் பேப்பரை எடுத்தேன். பக்கத்து வீட்டு லட்சுமி நாளைக்கு திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போறா, அவகிட்ட கொடுத்து அனுப்பறேன். நீ படிச்சதெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பே. பரவால்ல, கூட்டியே படி. மெல்லப் படிச்சா சட்டுனு கோவம் வராது, பாதியில மடிச்சு பாக்கெட்ல போடவும் தோணாது.

நான் பயந்தவதான், ஒத்துக்கறேன். பாய்லர்காரனைக் கட்டிக்கினவ பயப்படாம இருப்பாளா? உன் நைனா நகரியில சாயப்பட்டறை பாய்லர் பார்த்துக்கினு இருந்தப்போதான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. எங்க வீட்ல எல்லாரும் தறிக்காரங்க. தறி காதைச் செவிடாக்கும், கண்ணைக் கெடுக்கும், அதோட விட்டுடும். பாய்லர் அப்படி இல்லன்னு கல்யாணத்துக்கு வந்த என் சித்தப்பாவே காதோட காதா சொல்லிட்டுப் போனார். நல்ல நாள் பார்த்துச் சொன்னார் பாவி மனுஷன். அன்னையில இருந்து எனக்கு அரைத் தூக்கம்தான். வீட்ல குக்கர் வாங்க விடலையே நான், ஞாபகம் இருக்குதா? தெருவுல எல்லா வீட்லயும் விசில் அடிக்கும், நம்ம வீட்ல மட்டும் பானையில சோறு கொதிக்கும். "பாய்லர்காரன் பொண்டாட்டி குக்கருக்கு பயப்படறா"ன்னு கேலி பண்ணாத பொம்பளை கிடையாது. முதல் சம்பளத்துல நீ ஒரு குக்கர் வாங்கிக்கினு வந்தே. இன்னைக்கும் அதை அடுப்புல ஏத்திட்டு வாசல்ல போய் நின்னுக்கறேன், விசில் அடங்கினப்புறம்தான் உள்ளே வர்றேன். சிரி, சிரி.

ஆனா இத்தனை பயத்துலயும் என் உயிர் நின்னுதுன்னா, உன் நைனா அந்தக் கண்ணாடியை விடாம பார்த்ததாலதான். பாய்லர் பக்கத்துல நிக்கவெச்சிருக்கிற கண்ணாடிக் குழாயைச் சொல்றேன். உள்ளே எவ்வளவு தண்ணி இருக்குதுன்னு அதுல தெரியும். மத்தவங்க அதை எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. இவர் அப்படி விடமாட்டார். மணிக்கொரு தரம் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடியில இருக்கிற தண்ணியை எல்லாம் வெளியே விட்டுட்டு, மூடிட்டு, மறுபடி தண்ணி ஏறி வருதான்னு பார்ப்பார். "அழுக்கு அடைச்சுக்கினா பழைய தண்ணியே அப்படியே நிக்கும்டி, அதைப் பார்த்துட்டு தண்ணி இருக்குதுன்னு நினைச்சுக்கினா செத்தோம்"னு சொல்வார். உன் அத்தை கல்யாணம் புத்தூர்ல நடந்துதே, பந்தியில உட்கார்ந்து பாதி சோறு துன்னவர் எழுந்து போயிட்டார். எங்கேடா ஆளைக் காணோம்னு தேடினா, எஸ்டிடி பூத்ல நின்னுக்கினு ஷிப்டு ஆளைக் கேட்டுக்கினு இருக்கார், கண்ணாடியைத் திறந்து பார்த்தியா இல்லையான்னு. உங்க அத்தை இன்னும் அதைச் சொல்லித் திட்டுது. எனக்கு அன்னைக்கு வெட்கமா இருந்தது. ஆனா அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அப்புறம் நகரியை விட்டு சித்தூர் பக்கம் வந்தோம். அவர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில பாய்லருக்கு, நான் அதே ஃபேக்டரியில சீசனுக்கு சீசன் பழம் பொறுக்கற பெல்ட்டுக்கு. நீ படிச்சு, திருப்பதியில அந்தக் கம்பெனியில சேர்ந்தே, ஃபேக்டரி ஃபேக்டரியா போய் எரிபொருள் எங்கே வீணாகுதுன்னு பார்க்கிற வேலை. யார் சொன்னாங்களோ, நம்ம ஓனர் உங்க கம்பெனியையே கூப்பிட்டார். உன் நைனா பார்க்கிற பாய்லருக்கே நீ மீட்டர் மாட்ட வந்து நின்னே. அன்னைக்கு இட்லி துன்னுக்கினே எனக்குச் சொன்னே: "அம்மா, பாய்லருக்குள்ள எவ்வளவு தண்ணி போகுது, அதுல இருந்து எவ்வளவு ஆவி வெளிய போகுது, அந்த ஆவி வேலை முடிச்சு சுடுதண்ணியா எவ்வளவு திரும்பி வருது. இந்த மூணும் தெரிஞ்சா விறகு எங்கே காணாமப் போகுதுன்னு சொல்லிடலாம்." தண்ணிக் குழாய்ல ஒரு மீட்டர் வெச்சே, ஆவிக் குழாய்ல ஒண்ணு, சுடுதண்ணி திரும்பி வர்ற குழாய்ல ஒண்ணு வெச்சே. பாய்லருக்குத் தண்ணி கொடுக்கிற மேல்தொட்டியில ஒரு ரேடார் மீட்டர் வெச்சே. அது தண்ணியைத் தொடாமலேயே மேல இருந்து அலை அனுப்பி, தண்ணியில பட்டு அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சு மட்டம் சொல்லுமாம். தொட்டியில தண்ணி குறைஞ்சா போர் பம்பு தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும். யாரும் மேல ஏறி எட்டிப் பார்க்க வேணாம், எல்லாம் பாய்லர் ரூம்ல இருக்கிற ஸ்கிரீன்லயே தெரியும்.

எனக்கு அதுல ஒரு குறையும் தெரியலடா. கூழ் காய்ச்சற இடத்துல இருந்து சுடுதண்ணி பாதிக்குப் பாதி கால்வாயில போகுதுன்னு உன் மீட்டர்தான் கண்டுபிடிச்சுது. நாங்க பெல்ட்டு பொம்பளைங்க அந்தக் கால்வாயிலதான் கை கழுவுவோம். மாங்காய்ப் பால் பட்டு எரியற கைக்கு வெதுவெதுன்னு இதமா இருக்குதேன்னு சந்தோஷமா கழுவுவோம். அத்தனையும் ஓனர் எரிச்ச விறகுன்னு நீ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. அதைப் பிடிச்சு தொட்டிக்குத் திருப்பி விட்டே, எரிக்கறதுக்கு வேர்க்கடலை ஓடும் விறகும் கொண்டுவந்து இறக்கற லாரி குறைஞ்சு போச்சு, ஓனர் உன்னைத் தோள்ல தட்டினார். உன் நைனா அன்னைக்கு வீட்டுக்கு வந்த நடையே வேற. பாய்லர் ரூமுக்கு யார் வந்தாலும், லாரி டிரைவரா இருந்தாலும் சரி, கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போய் அந்த ஸ்கிரீனைக் காட்டுவார். "மா பிட்ட சேசிந்தி"ம்பார். என் புள்ள பண்ணதுன்னு தெலுங்குல சொன்னாத்தான் அவருக்கு கெத்து. எனக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்லல. அப்போதான் நான் பயப்பட்டிருக்கணும். அவர் ஸ்டூலைக் கண்ணாடி பக்கம் இருந்து ஸ்கிரீன் பக்கம் திருப்பிப் போட்டுக்கினார். நான் அதைப் பார்த்தேன், ஒண்ணும் தோணல.

இப்போ போன வருஷத்துக்கு வர்றேன். நீ மறந்துட்டேன்னு நினைச்சுக்கினு இருக்கே, மறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். சீசன் முடிஞ்சதும் எலி கடிக்குதுன்னு அந்த ரேடாரைக் கழட்டி ஸ்டோர்ல வெச்சிருந்தாங்க. சீசன் திறக்கிற அன்னைக்கு பூசையில ஸ்பானர், கூழ் மெஷின் கத்தி, தராசு எல்லாத்தோடயும் அதையும் வாழை இலையில வெச்சாங்க. நம்ம பக்கம் சந்தனம் குங்குமம் வைக்காம எவனாவது சுவிட்ச் போடுவானா? மத்ததுக்கெல்லாம் பூசாரி விரலால ஒரு பொட்டு வெச்சுக்கினு போனார். உன் மீட்டர்கிட்ட வந்ததும் உன் நைனா சந்தனக் கிண்ணத்தைக் கையில வாங்கிக்கினார். "இதுக்கு நான் வைக்கிறேன் சாமி"ன்னார். அந்த வெள்ளைக் கூம்பு முகத்தைக் குழந்தை முகத்தைத் தடவற மாதிரி தடவி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு இடம் விடாம அப்பி, நடுவுல பெரிசா குங்குமம் வெச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஃபிட்டர் முனிரத்னம் அதை அப்படியே பக்தியா எடுத்துக்கினு போய் தொட்டி மேல மாட்டினான். சந்தனத்தைத் துடைக்கணும்னு அவனுக்கு யார் சொன்னா? அந்த முகம்தான் அதுக்குக் கண்ணுன்னு எங்க யாருக்காவது தெரியுமா?

மதியத்துக்குள்ள டிராக்டருங்க ரோடு வரைக்கும் நின்னுக்கினு இருந்தது. தோத்தாபுரி மாங்காய் வந்து குவியுது, பெல்ட்டு நிக்காம ஓடுது. பாய்லர் ரூம்ல உன் நைனா ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து, தொட்டி நிறைய நீலமா தண்ணி காட்டறதைப் பார்த்துக்கினு இருந்தார். அது சந்தனத்துல பட்டு திரும்பி வந்த அலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? தொட்டி நிறைஞ்சிருக்குதுன்னு மீட்டர் சொன்னதால போர் பம்பு ஓடவே இல்ல. தொட்டி வத்திப் போச்சு. பாய்லருக்குத் தண்ணி போறது நின்னு போச்சு, ஆவி மட்டும் போய்க்கினே இருக்குது. தண்ணி குறைஞ்சா ஊதறதுக்குன்னு பாய்லர்லயே ஒரு விசில் உண்டு, அது சீசன் இல்லாத மாசமெல்லாம் சும்மா கிடந்து துரு பிடிச்சு மாட்டிக்கினு இருந்தது. ஊதல. தண்ணி இழுக்கற பம்பு வெறும் காத்தை இழுத்து கத்தற சத்தம் கேட்டுத்தான் முனிரத்னம் ஓடினான். ஓடிப் போய் கண்ணாடியைப் பார்த்துட்டு, "நீள்ளு லேவு! நீள்ளு லேவு!"ன்னு, தண்ணி இல்லன்னு கத்தினான் பார், அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகல.

எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓடினாங்க. என்னையும் இழுத்துக்கினு ஓடினாங்க. நான் திரும்பிப் பார்க்கிறேன், உன் நைனா மட்டும் ஓடல. பயத்துல போர்த் தண்ணியை நேரா பாய்லருக்குத் திறக்கப் போன முனிரத்னத்தை, "வொத்துரா! நீள்ளு வதலொத்து!"ன்னு, தண்ணி விடாதேன்னு தள்ளி விட்டார். காய்ஞ்சு கிடக்கிற வாணலியில தண்ணி தெளிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், இரும்புக்கும் அதேதானாம். அப்புறம் இரும்புக் கம்பியை எடுத்துக்கினு அடுப்பு வாயைத் திறந்து எரியற நெருப்பையெல்லாம் வெளியே இழுத்து இழுத்துப் போட்டார். தனியா. புகைக்கு நடுவுல அவர் முதுகு மட்டும் தெரியுது. நான் கேட்டைப் பிடிச்சுக்கினு, மாங்காய்ச்சாறு காயாத கையோட, கொல்லாபுரியம்மா தாயே, கொல்லாபுரியம்மா தாயேன்னு கத்திக்கினு இருந்தேன். பொம்பளைங்க என்னைப் பிடிச்சுக்கினாங்க. எவ்வளவு நேரம்னு தெரியாது. ஒண்ணும் வெடிக்கல. அவர் வெளியே வந்து குழாயடியில குந்திக்கினு வாந்தி எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. நடக்காததைத்தான் நான் ஒரு வருஷமா பார்த்துக்கினு இருக்கேன், கண்ணை மூடினாப் போதும்.

சாயங்காலம் திருப்பதியில இருந்து நீ பைக்ல வந்து சேர்ந்தே. நேரா தொட்டி மேல ஏறினே. நான் டீ கிளாஸை வெச்சுக்கினு ஏணிக்குக் கீழே நின்னுக்கினு இருந்தேன். நீ போல்ட்டைக் கழட்டி மீட்டரை வெளியே எடுத்துத் திருப்பினே. முகம் பூரா மஞ்சளா கட்டி தட்டிப் போய், நடுவுல சிவப்பா. நீ கீழே பார்த்தே, நான் மேலே பார்த்தேன். நீ கர்ச்சீப்பை எடுத்து எச்சில் தொட்டுத் தொட்டுத் துடைச்சே. இறங்கி வந்து டீயைக் கூட வாங்காம ஓனர் ரூமுக்குப் போய், "வொயர் லூசா இருந்தது சார், சரி பண்ணிட்டேன்"னு சொன்னே. அன்னைக்கு நான் உன்னை மனசுக்குள்ள கும்பிட்டேன்டா. உண்மையைச் சொல்லியிருந்தா உன் நைனாவை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன் சந்தனம் பூசிக் கெடுத்தான்னு ஊரே சிரிச்சிருக்கும். நீ அப்பனைக் காப்பாத்தினே. அதுல குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல.

ஆனா அப்புறம் நடந்ததைப் பார். நெருப்பை இழுத்துப் போட்டு ஃபேக்டரியையே காப்பாத்தினார்னு ஓனர் கூட்டம் போட்டு சால்வை போட்டார். அந்த போட்டோவை உன் நைனா பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கார். அவருக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: மீட்டர்ல ஒரு குறையும் இல்ல, ஒரு வொயர் கழண்டுக்கினு போச்சு, புள்ள வந்தான், சரி பண்ணான், இனிமே எந்தக் கவலையும் இல்ல. முன்ன இருந்ததை விட இப்போதான் அதை அதிகமா நம்பறார். போன சீசன் மீதி நாளெல்லாம் கண்ணாடியைத் திறந்து பார்த்தியான்னு கேட்டா, "அதான் ஸ்கிரீன்ல தெரியுதே"ம்பார். யார் பேசறதுன்னு எனக்கே சந்தேகம் வரும். அத்தை கல்யாணத்துல பாதி சோத்துல எழுந்து போனவரா இவர்?

இன்னும் இருக்குது. போன வாரம் வந்து பெருமையா சொல்றார், இந்த வருஷம் பாய்லருக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆளாம். போன வருஷம் அது நடந்தப்புறம் இவர் கூட கண்ணாடி பக்கம் நிக்கவெச்ச கோவிந்தை பழம் இறக்கப் போட்டுட்டாங்களாம். ஏன்னு கேட்டேன். "நம்ம புள்ள ரிப்போர்ட்ல எழுதியிருக்கான்டி, எல்லாம் ஆட்டோமேட்டிக், ஒரு ஆள் போதும்னு." நீ நல்லதுக்குத்தான் எழுதியிருப்பே, ஓனருக்குச் செலவு குறையும்னு எழுதியிருப்பே. அந்த ஒரு ஆள் யாருன்னு எழுதும்போது நினைச்சுப் பார்த்தியா?

அதோட விட்டாரா? உன் கல்யாணத்துக்கு வேண்டிக்கினு காளஹஸ்திக்குப் போனோம் இல்ல, வர்ற வழியில கடையில நின்னு நல்ல சந்தனக் கட்டையா பொறுக்கி எடுத்தார். கல்யாணத்துக்காங்கன்னு கேட்டேன். "ச்சீ, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது. இது மீட்டருக்கு"ன்னார். போன வருஷம் கடைச் சந்தனம் பூசினதாலதான் திருஷ்டி பட்டு வொயர் கழண்டுச்சாம், இந்த வருஷம் கையாலேயே அரைச்சு இன்னும் தடிமனா பூசப் போறாராம். எனக்கு அழுவறதா சிரிக்கிறதான்னு தெரியல. பொறுக்க முடியாம அன்னைக்கு பஸ்லயே சொல்லிட்டேன். "வொயர் எல்லாம் கழண்டுக்கலங்க. நீங்க பூசின சந்தனம்தான். நான் என் கண்ணால பார்த்தேன், அவன் துடைச்சான்"னேன். சிரிச்சார். "நீ பழம் பொறுக்கறவ, சென்சார் பத்தி உனக்கு இன்னாடி தெரியும்"னார். நான் விடல, சாமி சத்தியமா பார்த்தேன்னேன். அப்போ சிரிப்பு போச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு மெல்லக் கேட்டார்: "என் புள்ள என்கிட்ட பொய் சொல்வானா?" ரேணிகுண்டா வர்ற வரைக்கும் அந்தச் சந்தனக் கட்டையை மடியிலயே வெச்சுக்கினு வந்தார்.

அதனால இது என்னால ஆகற வேலை இல்ல. முனிரத்னம் சொன்னாலும் கேட்க மாட்டார், ஓனரே சொன்னாலும் கேட்க மாட்டார். அவர் நம்பறது மீட்டரை இல்லடா, உன்னை. நீ வாயைத் திறந்தாத்தான் அந்த ஸ்டூல் மறுபடி கண்ணாடி பக்கம் திரும்பும்.

நீ ஏன் சொல்ல மாட்டேங்கிறேன்னு எனக்குத் தெரியும். ஆவணியில கல்யாணம், சம்பந்தி வீட்ல எல்லாம் நைனா அந்த சால்வைக் கதையைச் சொல்லி வெச்சிருக்கார், அவங்க ஊர் கார்வேட்டிநகரம் பூரா தெரியும். இப்போ போய் அந்த மனுஷனைக் கூனிக் குறுக வைக்கணுமான்னு நினைக்கிறே. அதோட உன் கம்பெனியில நீ பெரிய ஆளாகிக்கினு இருக்கே. இனிமே சர்க்கரை ஆலை, பால் ஃபேக்டரின்னு பெரிய பெரிய பாய்லருக்கெல்லாம் அனுப்பப் போறாங்கன்னு சொன்னே. பொய் சொன்னது வெளியே தெரிஞ்சா இன்னா ஆகுமோன்னு உனக்கும் உள்ளே உதறும். உதறட்டும். எனக்கு உதறாத நாளே இல்ல, நான் செத்தா போயிட்டேன்? பெரிய பாய்லர்னா அதுக்கு முன்னாடி பெரிய குடும்பம் ஒண்ணு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும்டா. நீ மாட்டற ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒருத்தன் உன்னை நம்பி கண்ணாடியைப் பார்க்காம இருப்பான். அவன் வீட்டுப் பொம்பளை எனக்கு எழுதத் தெரிஞ்ச மாதிரி உனக்கு எழுத மாட்டா.

அன்னைக்கு நீ முனிரத்னத்துகிட்ட மெல்லப் பேசிக்கினு இருந்தது என் காதுல விழுந்தது. ஆவி மீட்டர் ஓடிக்கினே இருந்துதாம், தண்ணி மீட்டர் சுத்தமா ஜீரோவாம். உள்ளே ஒண்ணும் வராம வெளியே போய்க்கினே இருந்தா ஏதோ தப்புன்னு மீட்டரே சொல்லிக்கினுதான் இருந்தது, அந்த நீலத் தொட்டிப் படத்தைப் பார்த்துக்கினு யாரும் அந்த நம்பரைப் பார்க்கலைன்னு சொன்னே. அப்படி ஆனா சத்தம் போடற மாதிரி ஒரு அலாரம் வைக்கிறேன்னு சொன்னே. வெச்சியா? உன் நைனாவைக் கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு"ன்னார். வைக்கலன்னு புரிஞ்சுக்கினேன். அலாரம் வெச்சா ஏன் வைக்கிறேன்னு ஓனர் கேட்பார், அதனால தள்ளிப் போட்டுட்டே. உன்னை நான் பெத்தவ, உன் சாக்கு எனக்குத் தெரியாதா?

கல்யாணம் பண்ணிக்கப் போறே. சுமதி நல்ல பொண்ணு, பட்டுனு பேசறா, எனக்குப் பிடிச்சிருக்குது. அவளுக்கு மனசு நோகக்கூடாதுன்னு எதையும் மூடி வைக்காதே. உன் நைனா என்கிட்ட பாய்லர் விஷயத்துல ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. இன்னைக்கு பிரஷர் ஏறிடுச்சு, இன்னைக்கு பயந்துட்டேன்னு வந்து சொல்வார். நான் திட்டுவேன், அழுவேன், சோறு போடுவேன். அதனாலதான் என் பயத்தோட நான் குடும்பம் நடத்த முடிஞ்சுது. போன வருஷத்துல இருந்துதான் அவரும் எனக்கு ஒண்ணும் சொல்றதில்ல, சொல்றதுக்கு அவருக்கே ஒண்ணும் தெரியல. பயம் இல்லாத மனுஷனா பாய்லர் ரூமுக்குப் போறார். என்னைக் கேட்டா அதைவிட பயங்கரம் வேற இல்ல.

இப்போ இன்னா பண்ணணும்னு சொல்றேன், கேளு. வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வா. கறிக்குழம்பு வைக்கிறேன். துன்னு முடிச்சப்புறம் அவரைக் கூட்டிக்கினு ஃபேக்டரிக்குப் போ, ஸ்டோர்ல இருக்கிற அந்த மீட்டரை எடுத்து அவருக்குக் காட்டு. பூசணும்னா பின்னாடி மூடியில பூசுங்க, இந்த முகத்தைத் தொடக்கூடாதுன்னு காட்டு. இதை யாருக்கும் சொல்லாம விட்டது என் தப்புன்னு நீயும் பாதியை எடுத்துக்கோ, எடுத்துக்க வேண்டியதுதானே. துரு பிடிச்ச விசிலுக்குப் பதிலா புதுசு போட்டிருக்காங்களாம், அது ஊதுதான்னு உன் காதால கேளு. கோவிந்து மறுபடி வேணும்னு ஓனருக்கு எழுது, ஏன்னு கேட்டா ஏன்னு சொல்லு. அவர் வேலை போனா போகட்டும், நகரியில என் அண்ணன் பவர்லூம் வெச்சிருக்கான், நாங்க கஞ்சி குடிச்சுக்கிறோம். அவர் கோவப்படுவார். அந்த போட்டோவைக் கழட்டி எறிவார். உன் கல்யாணத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு நிப்பார். நிக்கட்டும்டா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினாலும் பந்தல்ல நிப்பார் இல்ல?

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்லு. "நைனா, என் மீட்டரை நம்பாதே. கண்ணாடியைத் திறந்து பாரு"ன்னு உன் வாயால சொல்லு. எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். உன் வேலையை நம்பாதேன்னு உன் அப்பன்கிட்ட நீயே சொல்றது. வேற யார் சொல்லியும் அவர் கேட்கப் போறதில்ல.

இதை எழுதிக்கினு இருக்கும்போதே அவர் உள்ளே வந்துட்டார். யாருக்கு எழுதறேன்னு கேட்டார். உனக்குன்னு சொன்னேன். பேப்பரைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடி போடாம அவரால படிக்க முடியாது, நான் கையால மறைச்சுக்கினேன். முகம் மலர்ந்து போச்சு. "மீட்டர் நல்லா இருக்குதுன்னு எழுது. நான் பார்த்துக்கிறேன், அவன் ஒண்ணும் கவலைப்பட வேணாம்னு எழுது"ன்னு சொல்லிட்டு இங்கேயே, என் பக்கத்துலயே உட்கார்ந்துக்கினு, நான் எழுதறேனான்னு பார்த்துக்கினு இருக்கார்.

மீட்டர் நல்லா இருக்குது. அவர் பார்த்துக்கிறாராம். நீ ஒண்ணும் கவலைப்பட வேணாமாம்.

எழுதிட்டேன். நீ வாடா.

உன் அம்மா